நூலால் தைத்த நூல்



எனக்குப் பிடித்த வேலை இரண்டு. ஒன்று தையல். இன்னொன்று நோட்டில் எதையாவது ஒட்டி வைப்பது. இரண்டையும் சேர்த்து நான் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். துணியைத் தாளோடு வைத்து ஊசி நூலால் தைத்த நோட்டு அது. எங்க வீட்டில் அதற்குப் பேர் துணி நோட்டு. அதைப் பற்றி எழுதச் சொல்லி வகுப்பு டீச்சர் சொன்னார்கள். அதனால் இந்த மாதச் சுவர் இதழில் எழுதுகிறேன். படித்துவிட்டு நீங்களும் ஒன்று செய்ய வேண்டும் என்பது என் ஆசை.

மூன்றாம் வகுப்பு படிக்கும்போதே எனக்கு ஒட்டும் பழக்கம் உண்டு. தீப்பெட்டிப் படம், பஸ் டிக்கெட், மிட்டாய்த் தாள், கல்யாணப் பத்திரிகையில் இருக்கும் பிள்ளையார், பாடம் செய்த அரச இலை, எதையும் விடமாட்டேன். நோட்டு குண்டாகி மூடவே மூடாது. "ஊர்க் குப்பைய எல்லாம் நோட்டுக்குள்ள வச்சிருக்கா பாரு" என்று எங்க அப்பா சிரிப்பார். பள்ளிக்கூடத்திலும் நாம் ஸ்கிராப் நோட்டு போடுகிறோம். கடையில் சார்ட் வாங்கி, வெட்டி ஒட்டிக் கொண்டு வருகிறோம். நாற்பது பேர் நோட்டைத் திறந்தாலும் அதே மயில், அதே தாமரை, அதே நேரு மாமா. அட்டையில் பேரைப் பார்த்தால்தான் யாருடையது என்று தெரியும்.

ஒட்டுவது சின்னப்பிள்ளை வேலை என்று நினைக்காதீர்கள். டாம் சாயர் கதை எழுதிய அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைன் இருக்கிறாரே, அவருக்கும் இந்தப் பைத்தியம் உண்டு. பக்கத்தில் முன்கூட்டியே பசை தடவிய ஒரு ஸ்கிராப் புத்தகத்தை அவர் கண்டுபிடித்து, 1873-ல் அதற்குக் காப்புரிமையும் வாங்கினார். பக்கத்தை ஈரப்படுத்தி, வேண்டியதை வைத்து அழுத்தினால் போதும். கையெல்லாம் கோந்து ஆகாது.

தாளுக்குப் பசை சரி. துணிக்குப் பசை ஆகாது. கோந்து ஊறி துணியின் முகத்தில் கறை தெரியும். காய்ந்ததும் அப்பளம் மாதிரி விறைக்கும். கொஞ்ச நாளில் பூச்சியும் வரும். துணிக்குச் சொந்தக்காரன் ஊசிதான். அதை எனக்குச் சொல்லித் தந்தது எங்க அம்மா.

எங்க அம்மா வீட்டிலேயே ஜாக்கெட், பாவாடை தைக்கிறார்கள். மிதி மிஷின்தான். நான் பள்ளி விட்டு வந்ததும் ஹூக் வைப்பேன், ஹெம்மிங் பண்ணுவேன், காஜா எடுப்பேன். அம்மா ஏழாவது வரைதான் படித்தார்கள். ஆனால் அவர்களிடம் ஒரு அளவு நோட்டு இருக்கிறது. உயரம், மார்பு, இடுப்பு, கை நீளம் என்று எழுதி, பக்கத்திலேயே அந்தத் துணியில் ஒரு நகத்தளவு வெட்டி குண்டூசி குத்தி வைத்திருப்பார்கள். எந்தத் துணி யாருடையது என்று குழப்பம் வராமல் இருக்கத்தான். தையல் வேலை செய்கிறவர்கள் நிறையப் பேர் இப்படித்தான் செய்கிறார்கள்.

ஒருநாள் மழைக்கு கரண்ட் போய்விட்டது. அம்மா அந்தப் பழைய நோட்டைப் புரட்டிக்கொண்டே சொன்னார்கள். "இந்தப் பச்சை, மேலத்தெரு அக்கா வளைகாப்புக்குத் தச்சது. இந்த ஊதா, பூசாரி வீட்டுப் பிள்ளை சடங்குக்கு. இது வேற ஊருக்குக் கட்டிக் குடுத்துப் போனாளே, அவ கடைசியா நம்மகிட்ட தச்சது." எழுத்தைப் பார்க்கவே இல்லை. துணியைப் பார்த்தே சொன்னார்கள். ஊரில் பத்து வருஷம் நடந்த நல்லது எல்லாம் அந்த நோட்டில் குண்டூசியில் குத்தி இருந்தது. அன்றைக்கு எனக்குத் தோன்றியது, சார்ட் படம் ஒட்டுவதற்குப் பதில் இதைத்தான் ஸ்கிராப் நோட்டாக வைக்க வேண்டும் என்று.

தோன்றியதோடு சரி. செய்ய ஆரம்பித்தது எங்க அப்பத்தா இறந்த பிறகுதான்.

அப்பத்தாதான் என்னை வளர்த்தது. அம்மா மிஷினில் உட்கார்ந்திருக்கும்போது எனக்குத் தலை சீவி, சோறு ஊட்டி, பள்ளிக்கூட வாசல் வரைக்கும் வந்து விட்டுப் போவாங்க. எழுதப் படிக்கத் தெரியாது, கைநாட்டுதான். போன வருஷம் ஆடி மாதம் தவறிப்போனார்கள். மாலை போட்டு விளக்கு ஏற்ற ஒரு போட்டோ வேண்டும். வீடெல்லாம் தேடினோம். ஓட்டு அட்டையில் இருந்த சின்னப் படம் ஒன்றுதான் கிடைத்தது. ஸ்டூடியோவில் அதைப் பெரிதாக்கித் தந்தார்கள். கம்ப்யூட்டரில் அழகாக ஆக்குகிறோம் என்று அப்பத்தாவுக்கு ஜரிகை போட்ட பட்டுச்சேலையும் கட்டிவிட்டிருந்தார்கள். எல்லோருக்கும் அப்படித்தான் செய்வார்களாம்.

அப்பத்தா ஆயுசுக்கும் பட்டுச்சேலை கட்டினதே இல்லை. சுவரில் மாட்டியிருக்கும் படத்தைப் பார்த்து எங்க தம்பி, "இது யாரு?" என்று கேட்டான். அவனுக்கு அஞ்சு வயசு.

அப்பத்தா கட்டினது சுங்குடிச் சேலை. அரக்கு நிறத்தில் வெள்ளைப் புள்ளி போட்டது. மதுரைச் சுங்குடி என்றால் உங்களுக்கும் தெரிந்திருக்கும். துணியைக் கிள்ளிக் கிள்ளி நூலால் முடிச்சுப் போட்டு, சாயத்தில் முக்குவார்கள். முடிச்சுக்குள் சாயம் போகாது. அவிழ்த்தால் அந்த இடம் புள்ளியாக நிற்கும். மதுரையில் சௌராஷ்டிர மக்கள் வளர்த்த கலை இது. 2005-ல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கையால் முடிச்சுப் போட்டதில் ஒரு புள்ளி மாதிரி இன்னொரு புள்ளி இருக்காது என்று அம்மா சொல்வார்கள். அப்பத்தா மடியில் படுத்துக்கொண்டு நான் அந்தப் புள்ளிகளைத்தான் எண்ணுவேன். ஒன்று, இரண்டு எண்ணக் கற்றதே அதில்தான்.

கருமாதி முடிந்ததும் அத்தை, "செத்தவங்க துணிமணிய வீட்ல வைக்கக் கூடாது. எல்லாத்தையும் ஆத்துல விட்ருங்க" என்று சொன்னார்கள். நான் சேலையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன். அத்தைக்குக் கோபம் வந்துவிட்டது. அப்பா ஒன்றும் பேசவில்லை. அம்மாதான் சொன்னார்கள். "சேலைய விட்ருவோம் மதினி. முந்தியில ஒரு சாண் மட்டும் பிள்ளைக்கு வெட்டித் தாரேன். அவ கேக்குறது துணிய இல்ல." அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்கள். அம்மா கத்தரியை எடுத்து ஒரு சாண் வெட்டினார்கள். எத்தனையோ துணி வெட்டின கைதான். அன்றைக்கு நடுங்கியது.

அந்தத் துண்டுதான் என் நோட்டின் முதல் பக்கம். நாலு பக்கமும் ஓரம் மடித்து, ஓட்டுத்தையல் போட்டுத் தாளோடு தைத்தேன். அதற்குக் கீழே நாலு வரிக்கு இடம் விட்டேன். இது யாருடையது? யார் எடுத்துக் கொடுத்தது? எப்போது கட்டினார்கள்? இதைச் சொன்னது யார்? மற்ற மூன்று வரியும் எழுதிவிட்டேன். யார் எடுத்துக் கொடுத்தது என்று அம்மாவுக்கும் தெரியவில்லை, அப்பாவுக்கும் தெரியவில்லை. "நான் சின்னப் பையனா இருக்கும்போதே அம்மாகிட்ட இருந்துச்சு" என்று மட்டும் அப்பா சொன்னார். அந்த வரி காலியாகவே இருந்தது.

நோட்டைத் தமிழய்யாவிடம் காட்டினேன். ஐயா புரட்டிப் பார்த்துவிட்டு, "நூலால தச்சதும் நூல்தான், படிக்கிறதும் நூல்தான், தெரியுமா?" என்றார். பிறகு நன்னூலைப் பற்றிச் சொன்னார். பவணந்தி முனிவர் எழுதிய அந்த இலக்கண நூலில், ஒரு நூல் எப்படி உண்டாகிறது என்று சொல்ல வரும்போது ஒரு பெண் பஞ்சிலிருந்து நூல் நூற்பதைத்தான் உவமையாகச் சொல்லியிருக்கிறதாம். சொல்தான் பஞ்சு. புலவர்தான் நூற்கும் பெண். வாய்தான் கை. அறிவுதான் கதிர். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. உங்கள் பெரிய கணக்கு நோட்டை நடுவில் விரித்துப் பாருங்கள். மடிப்பில் வெள்ளை நூல் தையல் தெரியும். புத்தகத்தைப் பிடித்து வைத்திருப்பதே தையல்தான்.

சமூக அறிவியல் டீச்சர் சொன்ன செய்தி இதைவிடப் பெரியது. லண்டனில் தாமஸ் கோரம் என்பவர் முயற்சியில் கைவிடப்பட்ட குழந்தைகளுக்காக ஒரு இல்லம் தொடங்கினார்கள். 1741-ல் குழந்தைகளைச் சேர்க்க ஆரம்பித்தார்கள். வறுமையால் வளர்க்க முடியாத தாய்மார்கள் குழந்தையை அங்கே விட்டுவிட்டுப் போவார்கள். பிற்பாடு திரும்பி வந்தால் எந்தக் குழந்தை யாருடையது என்று எப்படித் தெரியும்? அதற்காகக் குழந்தையின் துணியிலோ தாயின் துணியிலோ ஒரு துண்டு வெட்டி, பதிவுத் தாளோடு குத்தி வைத்தார்கள். எங்க அம்மா அளவு நோட்டில் வைக்கிற மாதிரியே! அப்படிப்பட்ட துண்டுகள் சுமார் 5,000 இன்றைக்கும் பத்திரமாக இருக்கின்றன. ஏழை மக்கள் அந்தக் காலத்தில் என்ன உடுத்தினார்கள் என்று தெரிந்துகொள்ள அறிஞர்கள் அவற்றைத்தான் பார்க்கிறார்களாம்.

அதில் ஒரு துண்டு, பல துணிகளை ஒட்டுப்போட்டுத் தைத்தது. அதன் மேல் நூலால் ஒரு இதயம் தைத்து, அதைச் சரிபாதியாக வெட்டியிருக்கிறது. 1767-ல் தன் ஆண் குழந்தையை விட்டுப்போன சாரா பெண்டர் என்ற தாயுடையது அது. 8 வருஷம் கழித்து 1775-ல் அந்தத் தாய் வந்து மகனை அழைத்துக்கொண்டு போனார். அங்கே விட்ட பிள்ளைகளில் தாயிடம் திரும்பிப் போனவர்கள் ரொம்பக் கொஞ்சம் பேர்தானாம். இதை டீச்சர் சொன்னபோது வகுப்பில் சத்தமே இல்லை.

இந்த வருஷம் ஆடியில் அப்பத்தாவுக்குத் தலைத்திவசம் வந்தது. அத்தையும் வந்திருந்தார்கள். படையல் முடிந்து எல்லோரும் சாப்பிட்ட பிறகு, தம்பி போய் என் நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்து அத்தை மடியில் போட்டு, "இதுதான் அப்பத்தா" என்றான். எனக்குத் திக்கென்றது. அத்தை ரொம்ப நேரம் அந்தத் துணியைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அப்புறம் விரலால் புள்ளியைத் தடவினார்கள். அப்புறம், "கீழ என்னடி எழுதியிருக்க?" என்று கேட்டார்கள். நான் வாசித்தேன். யார் எடுத்துக் கொடுத்தது என்ற இடத்தில் நிறுத்தினேன்.

"நாந்தான்டி" என்றார்கள் அத்தை. "1998 தீபாவளிக்கு. நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகைப்பூ பறிக்கப் போனேன். விடியறதுக்கு முன்னாடி போகணும். அந்தக் காசச் சேத்து எங்கம்மாவுக்கு நான் எடுத்த முதச் சேலை. அதைப் போய் என் கண்ணு முன்னாடி வச்சிருந்தா நான் எப்படிடீ தாங்குவேன்?"

அப்போதுதான் அத்தை ஏன் ஆற்றில் விடச் சொன்னார்கள் என்று எங்க எல்லோருக்கும் புரிந்தது. அப்பாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அத்தை சொல்லச் சொல்ல அந்த வரியை நான் எழுதினேன். நாலு வரிக்கு விட்ட இடம் பத்தாமல் பின்பக்கத்திலும் எழுதினேன். ஊருக்குப் போகும்போது அத்தை, "எனக்கும் ஒரு விரக்கடை குடு" என்று கேட்டு வாங்கிப் போனார்கள்.

என் நோட்டில் இப்போது 11 பக்கம் ஆகியிருக்கிறது. தம்பியின் தொட்டில் சேலை ஒரு பக்கம். அது அம்மாச்சியின் வாயில் சேலை. பொங்கலுக்கு ரேஷன் கடையில் கொடுத்த சேலை ஒரு பக்கம். 1983-ல் தொடங்கிய திட்டம் அது. ஏழைகளுக்குத் துணியும் நெசவாளிகளுக்கு வேலையும் கிடைப்பதற்காகக் கொண்டு வந்தது என்று அப்பா சொன்னார். இன்னொரு பக்கத்தில் ஒரு சட்டைப்பை இருக்கிறது. எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு, வீட்டோடு திருப்பூர் போய்விட்ட என் தோழியின் சீருடைச் சட்டைப்பை. போகும்போது அவளே பிரித்துக் கொடுத்தாள். மூன்று பக்கம் மட்டும் தைத்து, மேலே திறந்தபடி விட்டிருக்கிறேன். அதற்குள் அவள் எழுதிய கடிதம் இருக்கிறது. பதில் கடிதத்தில், "உன் பக்கத்தில் இன்னும் இடம் இருக்கிறது, திரும்பிப் படிக்க வா" என்று எழுதியிருக்கிறேன்.

சில பையன்கள் "தையல் பொம்பளப் பிள்ளை வேலை" என்கிறார்கள். அவர்களுக்கு ஒரு செய்தி. எங்க அப்பா மண்டியில் மூட்டை தூக்குகிறார். கோணி ஊசியில் சணல் கோத்து ஒரு நிமிஷத்தில் சாக்கு வாயைத் தைத்துவிடுவார். உங்கள் சட்டையைத் தைக்கும் டெய்லர் யார்? செருப்புத் தைக்கும் தாத்தா யார்? யோசித்துப் பாருங்கள்.

செய்முறை சொல்கிறேன். எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

1. நோட்டு வாங்கக் காசு வேண்டாம். பழைய மாதக் காலண்டர் மாதிரி கெட்டித் தாள் 6 எடுத்து, நடுவில் மடித்து, ஒன்றுக்குள் ஒன்று செருகினால் 24 பக்கம் கிடைக்கும். மடிப்பில் 5 ஓட்டை போட்டு, இரட்டை நூலால் தைத்து, உள்பக்கம் முடிச்சுப் போடுங்கள்.

2. துணி உள்ளங்கை அளவு போதும். யாருடைய துணியாக இருந்தாலும் அவர்களைக் கேட்டுத்தான் வெட்ட வேண்டும். துவைத்து, நன்றாகக் காய வைத்து, தேய்த்துக்கொள்ளுங்கள். ஈரம் இருந்தால் தாளில் பூஞ்சை பிடிக்கும்.

3. ஓரத்தை அரை சென்டிமீட்டர் மடித்துக்கொள்ளுங்கள். மடிக்க முடியாத கெட்டித் துணி என்றால் ஓரத்தில் கம்பளித் தையல் போட்டால் பிசிறு வராது.

4. முக்கியமானது இது. தாளில் முதலில் ஓட்டை, பிறகு தையல். அடியில் மடித்த சாக்கு வைத்து, காம்பஸ் முனையால் அரை சென்டிமீட்டருக்கு ஒன்றாகக் குத்துங்கள். ரொம்ப நெருக்கிக் குத்தினால் தபால் தலை கிழிகிற மாதிரி தாள் அந்த வரிசையில் கிழிந்துவிடும்.

5. நூல் ஒரு முழம் போதும். நீளமாக எடுத்தால் சிக்கு விழும். ஓட்டுத்தையலே அழகு. வங்காளத்தில் பழைய சேலைகளை அடுக்கி, ஓட்டுத்தையல் போட்டே காந்தா என்ற போர்வை செய்கிறார்கள். அதற்கு நூலைக்கூடப் பழைய சேலையின் கரையிலிருந்தே உருவி எடுப்பார்களாம். நம் கந்தை என்ற சொல்லுக்கு அது சொந்தக்காரச் சொல் என்று தமிழய்யா சொன்னார்.

6. பால்பாயிண்ட் பேனாவில் நாலு வரியும் எழுதுங்கள். மை பேனா என்றால் தண்ணீர் பட்டால் கலங்கிவிடும். பக்கங்களுக்கு நடுவில் காய்ந்த வேப்பிலை வையுங்கள்.

இதை எல்லாம் ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், நம்மில் பல பேர் வீட்டில் தாத்தா பாட்டிக்கு நல்ல போட்டோ கிடையாது. டைரி எழுதியவர்களும் கிடையாது. ஆனால் துணி இல்லாத வீடு இல்லை. டிரங்குப் பெட்டியிலும் பரணிலும் இருக்கிறது. ஒரு துண்டை எடுத்துக்கொண்டு போய் "இது எப்ப எடுத்தது?" என்று கேட்டுப் பாருங்கள். கைநாட்டு வைக்கிறவர்கள்கூட ஒரு மணி நேரம் கதை சொல்வார்கள். நாம் எழுதிக்கொண்டால் போதும்.

அடுத்த மாதம் நம் வகுப்பு சார்பில் பள்ளிக்கு ஒரு துணி நோட்டு தைக்கப் போகிறோம். தலைமையாசிரியர் அனுமதி கொடுத்துவிட்டார்கள். நூலக பீரோவில் வைப்பதாகவும் சொல்லியிருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு துண்டுத் துணியும் நாலு வரியும் கொண்டு வாருங்கள். ஆசிரியர்களும் தர வேண்டும். சத்துணவு அக்காவிடமும் கேட்டிருக்கிறேன். தைக்கத் தெரியாதவர்கள் மதியம் சாப்பாட்டு மணிக்குப் பிறகு வேப்பமரத்தடிக்கு வந்தால் நான் சொல்லித் தருகிறேன். ஊசி என்னிடம் ஆறு இருக்கிறது. பையன்களுக்கும் சேர்த்துத்தான்.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி